கழற்றக் கூடாத பெட்டி

மே 6, செவ்வாய்

கத்திரி வெயில். காலை எட்டுக்கே பாலக்கரை ரோட்டில் தார் இளகல். குழாய்த் தண்ணீர் வெந்நீர். பிளாஸ்திரி நிற்கவில்லை. இன்றைக்கு எத்தனை தடவை ஒட்டுவது. வேர்வை பட்டதும் ஓரம் தூக்குகிறது. அப்புறம் ஊசி வெளியே. மருந்து வேட்டிக்கு. வேட்டிக்குச் சர்க்கரை வியாதி கிடையாது.

இது பொங்கலுக்கு முதலாளி கொடுத்த டைரி. இத்தனை மாதம் சும்மா கிடந்தது. வாழைக்காய் மண்டியில் ஏலம் கூவியே காலம் போனது. அப்போது எழுத்து தெரியாது, எல்லாம் மண்டைக்குள். போன வருஷம்தான் கோயில் ஹாலில் சிஸ்டர் நடத்திய முதியோர் வகுப்பில் அ, ஆ. தினம் எழுதாவிட்டால் மறந்துபோகும் என்று பயமுறுத்தியிருக்கிறார். எழுத்து மறக்கலாம். நடந்தது எனக்கு எங்கே மறக்கிறது. முதல் முதல் ஊசி போட்ட கம்பவுண்டரின் சட்டை காப்பிக்கொட்டை நிறம். இரண்டாவது பட்டன் இல்லை.

பெட்டி விவரம். ஸ்டெல்லா, என் பெண், ஜெர்மனியில் நர்ஸ். அங்கே புது மாடல் வந்ததும் கழித்துப்போட்ட பழசைக் கேட்டு வாங்கி, லீவில் வந்தபோது என் இடுப்பில் கட்டிவிட்டுப் போனாள். செங்கல்லில் பாதி பருமன். தோல் உறை. உள்ளே சிரிஞ்சு, பாட்டரி. அதிலிருந்து மெல்லிய டியூப். டியூப் நுனியில் வளைந்த ஊசி, வயிற்றுத் தோலுக்குள். டியூபும் ஊசியும் சேர்ந்ததற்குப் பேர் செட். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை செட் மாற்றவேண்டும். நாள் முழுக்கப் பெட்டி சொட்டுச் சொட்டாக இன்சுலின் தள்ளும். சாப்பிடும்போது பொத்தானை அமுக்கினால் கூடத் தள்ளும். கழற்றக் கூடாது. கழற்றினால் கொஞ்ச நேரத்தில் உடம்பில் மருந்தே இருக்காதாம். டாக்டர் சொன்னார். ஸ்டெல்லா சொன்னாள். செசிலி, என் வீட்டுக்காரி, மூன்று வேளையும் சொல்கிறாள்.

பெல்ட்டில் மாட்டச் சொன்னாள் ஸ்டெல்லா. வேட்டி கட்டுகிறவனுக்கு எங்கே பெல்ட். அரைஞாண் கயிற்றில் தொங்குகிறது. கயிறு இழுத்து இடுப்பில் தழும்பு.

தெருவில் ஒருத்தர் விடாமல் கேட்கிறார்கள்.

"இடுப்புல என்னங்க, டிரான்சிஸ்டரா?"

"ஆமாங்க. சிலோன் வருது. வயித்துல காதை வச்சுக் கேளுங்க."

மூத்திரச் சோதனை. காலை (கா.) பச்சை. மாலை (மா.) மஞ்சள்.

மே 10, சனி

எண்ணெய்க் குளியல். ஊருக்குள் வெள்ளம் வந்த வாரம் தவிர எந்தச் சனியும் விட்டதில்லை. பெட்டியைக் கழற்றி வைத்து, நல்லெண்ணெய், ஊறல், சீயக்காய். உடம்பு பஞ்சு.

அப்புறம்தான் வினை. புது செட் போட்டால் பிளாஸ்திரி வழுக்குகிறது. துடைத்தும் வழுக்கல். செசிலி பவுடர் போட்டாள். பவுடரோடு சேர்ந்து வந்துவிட்டது. ஸ்பிரிட் தேய்த்து ஒட்டி, மேலே துண்டை இறுக்கிக் கட்டினேன். பிடித்துக்கொண்டது என்று நினைத்துக் கறிக்குழம்பு, ஒரு தூக்கம். எழுந்தால் நாக்கு மரக்கட்டை. துண்டு ஈரம். ஊசி தொப்புளுக்குப் பக்கத்தில் சும்மா படுத்திருக்கிறது.

சோதனைக் குழாயில் நீல மருந்தை விட்டு, மூத்திரம் சில சொட்டு விட்டு, விளக்கில் காய்ச்சினேன். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள், செங்கல் என்று ஏறும். வந்தது செங்கல். வாந்தி வேறு.

"எண்ணெயா பெட்டியா, ரெண்டுல ஒண்ண விடுங்க" என்றாள் செசிலி.

"பெட்டிய விடறேன்."

"ஸ்டெல்லாவுக்கு எழுதிப்போட்டுடுவேன்."

"நீ கைநாட்டு."

"பக்கத்து வீட்ல எழுதச் சொல்லுவேன். நீங்க சொன்னத சொன்னபடியே."

தலைக்கு மட்டும் எண்ணெய் என்று பேசி முடிந்தது. மண்டியில்கூட இவ்வளவு இறங்கி விட்டுக்கொடுத்ததில்லை.

மே 11, ஞாயிறு

பூசையில் எழுந்தேற்ற நேரம், சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிறார். எல்லோரும் முழங்காலில். நானும் முழங்கால் போட, டியூப் மடங்கி, பெட்டி கீ கீ கீ என்று கத்தத் தொடங்கியது. மணி அடிக்கிற பையன் தன் மணியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். சாமியார் ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். பின்னால் யாரோ, "பெருசு வாட்ச்சுல அலாரம் வச்சுட்டு வந்திருக்குது."

இனி கடைசி பெஞ்சு.

மே 13, செவ்வாய்

டாக்டர், தில்லைநகர். மின்சாரம் இல்லை. விசிறி கையோடு கொண்டுபோனது நல்லதாயிற்று.

வைதேகி வந்திருந்தாள். ஸ்ரீரங்கத்துப் பெண். திருச்சியில் இந்தப் பெட்டி கட்டிய இன்னொரு ஆள் எனக்குத் தெரிந்து இவள்தான். சின்ன வயதிலிருந்து சர்க்கரை. இப்போது வயிற்றில் ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. ஊசியில் சர்க்கரை ஏறி இறங்கியதுதான் காரணம் என்பது டாக்டர் கணக்கு. அதனால்தான் ஸ்டெல்லாவிடம் கேட்டு இன்னொரு பழைய பெட்டியை வரவழைத்து இவளுக்குக் கட்டினார். இவளுக்கும் செட் என் பார்சலில்தான் வரும்.

கூடவே மாமியார், கோமளம் மாமி. என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"பெரியவரே, இந்தப் பெட்டிக்கு மேல போட்டிருக்கே, அது தோலா?"

"தோல்தாங்க. நல்ல கெட்டித் தோல்."

"தோலைக் கட்டிண்டு எப்படித் தளிகை பண்றது? பெருமாள் உள்ளுக்கு எப்படிப் போறது?" சமையலுக்கு இவர்கள் தளிகை என்பார்கள், பூசை அறைக்குப் பெருமாள் உள்.

"உறைய மட்டும் கழட்டிடுங்க. பெட்டி இருக்கட்டும்."

"உறையைக் கழட்டினா டியூப் இழுத்துண்டு விழறது. சரி, உள்ள இருக்கிற மருந்து எதுலேர்ந்து வரதாம்?"

அறைக்குள்ளிருந்து டாக்டர் குரல்: "அத மட்டும் கேக்காதீங்க மாமி."

நான் கேட்டிருக்கிறேன். மாடு, பன்றி. வாயை மூடிக்கொண்டேன்.

வைதேகி குனிந்து சிரித்தாள். "மடியா, தீட்டுப் படாமத் தளிகை பண்ணணும்னா கழட்டி வெச்சுடறேன் மாமா. அரை மணிதான்."

"அரை மணிதானா?"

"சில நாள் கொஞ்சம் கூட ஆகும்."

"நானா கழட்டச் சொன்னேன்? நீயாத்தானேடி கழட்டினே" என்றார் மாமி.

"சொல்லலை. பாத்துண்டே இருந்தேளே. அது போறாதா?"

மாமியின் வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். தன் அப்பாவின் திவசத்துக்கு முதல்நாள் வாழைக்காய் எடுக்க மண்டிக்கே வருவார். தாரைக் கையால் தொடமாட்டார். குடை நுனியால் சீப்பு சீப்பாகத் தட்டுவார். "கறுப்புக் குடை, பித்தளைப் பூண்" என்றேன். மாமி முகம் கொஞ்சம் இளகியது. அவர் போய்விட்டாராம். அடுத்த வாரம் அவருக்கே திவசமாம்.

"அன்னைக்கும் பெட்டியக் கழட்டிடாதீங்க" என்றேன்.

"பாத்துக்கறோம்."

இந்தப் 'பாத்துக்கறோம்' எனக்குத் தெரியும். ஏலத்தில் வாங்க மனசில்லாதவன் சொல்கிற வார்த்தை.

மே 15, வியாழன்

என்ன எழுதுவது.

செசிலி செட்டுகளை வேகவைத்துவிட்டாள்.

காலமெல்லாம் கண்ணாடிச் சிரிஞ்சும் ஊசியும் கொதிக்கவைத்துக் கொடுத்தவள். நான் சந்தைக்குப் போன நேரத்தில் செட் வைத்திருந்த டப்பாவைத் திறந்து, உறை எல்லாம் பிரித்து, பாதி செட்டை அதே சட்டியில் போட்டு அடுப்பேற்றிவிட்டாள். வந்து பார்த்தால் சட்டியில் இடியாப்பம். டியூப் சுருண்டு, ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஊசி தனியாகக் கழன்று.

"கவர்லேயே சுத்தம் பண்ணித்தான் வருதுன்னு ஸ்டெல்லா சொன்னாளா இல்லையா?"

"எவன் கை பட்டதோ. அப்படியே உடம்புல குத்திக்குவாங்களா?"

"ஜெர்மன்காரன் கைடி!"

"அவன் மட்டும் கை கழுவினத நீங்க பாத்தீங்களா?"

சட்டியை எடுத்துப்போய்க் கொல்லையில் கொட்டினேன். மத்தியானம் சாப்பாடு தட்டில் வந்தது. இடியாப்பம் இல்லை, நல்லவேளை.

மே 19, திங்கள்

தொட்டியத்து லூயிஸ் மகன் ஜெர்மனியிலிருந்து லீவில் வந்தான். ஸ்டெல்லா கொடுத்த பெரிய பார்சல். போன உயிர் வந்தது. அவனுக்குக் காப்பி, முறுக்கு. பிரித்தேன்.

பொருந்தவில்லை.

சிரிஞ்சில் திருகுகிற வாய் வேறு மாதிரி. அழுத்தினேன், திருகினேன், பல்லால் கடித்துப் பார்த்தேன். புது மாடலுக்கு வந்த செட். பார்சல் முழுக்க அதே.

ஸ்டெல்லாவுக்கு டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருந்து, காத்திருந்து, கிடைத்தது.

"அப்பா, பழைய மாடலுக்கு இப்ப செட்டு செய்யறதில்லையாம். எனக்கே தெரியாமப் போச்சு. ஸ்டோர்ல, வேற ஆஸ்பத்திரியில எல்லாம் தேடறேன். கெடைக்கலேன்னா இருக்கறதுதான். வைதேகிக்குப் பங்கு வச்சுக் குடுங்க."

"உங்கம்மா பங்க வேகவச்சுட்டா."

"என்னப்பா? கேக்கல."

லைன் போய்விட்டது. நல்லதுதான்.

இருக்கிறதை எடுத்துப் பார்த்தேன். டப்பாவில் அடிப்பக்கம் தெரிகிறது.

மே 22, வியாழன்

காலையில் வரதன் வந்தான், வைதேகியின் வீட்டுக்காரன். திருவெறும்பூர் ஃபேக்டரி உடுப்போடு. முகத்தில் ரத்தம் இல்லை.

நேற்று திவசம். விடியுமுன் எழுந்து குளித்து, ஈரப்புடவையோடு அடுப்படிக்குப் போயிருக்கிறாள் வைதேகி. பெட்டி அலமாரி மேல். வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், பாயசம், எள்ளுருண்டை, எல்லாம் இவள் கை. சாஸ்திரிகள் சாப்பிட்டு எழுந்து, இவள் வாயில் ஒரு பருக்கை படும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. நடுவில் வாந்தி. பிள்ளைத்தாய்ச்சி வாந்திதானே என்று இருந்துவிட்டார்கள். மூச்சு மேலும் கீழும் வாங்கியபோதுதான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வைதேகிக்குக் கண் செருகல். இரண்டு கையிலும் பாட்டில். வராந்தாவில் மாமி, தரையில். மண்டிக் குரலில் பிடித்துக்கொண்டேன்.

"சொன்னனா இல்லையா? அன்னைக்கே சொன்னனா இல்லையா? உங்க வீட்டுக்காரர் குடையால தட்டித் தட்டி வாழைக்காய் பாத்தாரு, நீங்க இந்தப் புள்ளையத் தட்டிப் பாக்கறீங்களா?"

நர்ஸ் வந்து கத்தாதீர்கள் என்றாள். மாமி நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"குழந்தைக்குத் துடிப்பு கேக்கறதான்னு உள்ள போய்க் கேட்டுண்டு வாங்கோ. என்னண்ட சொல்ல மாட்டேங்கறா. திட்டறதை அப்புறம் திட்டுங்கோ. இங்கேயேதான் இருப்பேன்."

கேட்டேன். கேட்கிறதாம். மெல்ல. டாக்டர் சொன்னது: இனி பிரசவம்வரை பெட்டி ஒரு மணி நேரம்கூடக் கழறக் கூடாது. இன்னொரு தடவை இப்படி ஆனால் குழந்தை இல்லை. தாய்க்கும் உறுதி சொல்ல முடியாது.

வந்து முதல் பாதியை மட்டும் மாமியிடம் சொன்னேன்.

"துடிக்குதுங்க."

தலையை ஆட்டினார். திட்ட வாய் வரவில்லை. பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

மே 28, புதன்

ஸ்ரீரங்கம். பாலத்தில் பஸ் நின்றது. காவிரி முழுக்க மணல், நடுவில் ஒரு கோடு தண்ணீர், அதில் துணி துவைக்கிறார்கள்.

வைதேகி வீட்டுக்கு வந்துவிட்டாள். இளைத்து நார். ஆனால் அடுப்படியில்தான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காய் நறுக்குகிறாள், மடிப்புடவையில். அங்கேயே கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். பார்த்தால் இடுப்பில் பெட்டி இருக்கிறது. அரக்குச் சிவப்புப் பட்டுப் பையில். ஜரிகைக் கரை, நாடா, டியூப் வெளியே வரச் சின்னக் கண், எல்லாம் கைத்தையல்.

மாமிதான் தைத்தாராம். தன் கூறைப்புடவையின் தலைப்பை வெட்டி.

"தோலுக்குத்தான் விழுப்பு, தீட்டு. பட்டுக்கு ஏது? பட்டு எப்பவும் மடி" என்றார்.

"இது இத்தன நாளாத் தோணலீங்களா?"

"உங்களுக்குத் தோணித்தா?"

"உள்ள இருக்கிற மருந்து?"

"அதை நான் கேக்கவும் இல்லை, கேக்கப்போறதும் இல்லை. நீங்களும் சொல்லிடாதேள்."

மோர் கொடுத்தார். நன்றாக இருந்தது. உப்பு கொஞ்சம் அதிகம்.

கிளம்பும்போது வரதன் வாசல்வரை வந்தான். அவர்களிடம் செட் தீரப்போகிறது. ஒரே ஊசியை வாரம் முழுக்க வைத்திருந்து வயிற்றில் ஓர் இடம் சிவந்து சூடாக இருக்கிறது. புண்ணானால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். "ஸ்டெல்லா அக்கா ஏதாவது சொன்னாளா மாமா?" என்றான். என் டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

மே 29, வியாழன்

ஸ்டெல்லா தந்தி. கிடைக்கவில்லை. தேடுகிறாள்.

டப்பாவை எடுத்து வெளியே வைத்தேன். உள்ளே வைத்தேன். மறுபடி வெளியே.

"எதுக்கு அத பூனை குட்டி தூக்கற மாதிரி தூக்கிட்டுத் திரியறீங்க?" என்றாள் செசிலி.

"குடுத்துடலாம்னு பாக்கறேன். இந்தச் சனியன் எனக்கு எதுக்கு. பிளாஸ்திரி ஒட்டமாட்டேங்குது. எண்ணெ தேய்க்க முடியல. பூசையில கத்துது. கயிறு அறுக்குது."

"சும்மா சொல்லாதீங்க. இது வந்ததுலேருந்துதான் நீங்க எங்கயும் மயங்கி விழல. போன வருஷம் கோயில் வாசல்ல விழுந்து பல்லு போச்சு. அதுக்கு முன்னாடி மண்டியில. எனக்குத் தெரியாதா?"

தெரியும் அவளுக்கு. பசித்தபோது சாப்பிடுகிறேன் இப்போது. ஊசிக் காலத்தில் ஊசி போட்டால் சாப்பிட்டே ஆகவேண்டும், இறங்கினால் வேர்த்துக் கண் இருட்டும், சட்டைப்பையில் எப்போதும் சர்க்கரைப் பொட்டலம். பெட்டியைத் திட்டித் திட்டியே பழகிவிட்டது. கொடு என்றால் வயிறு இழுக்கிறது, நிஜமாகவே, டியூபோடு.

"என்ன பண்ணச் சொல்ற அப்ப?"

செசிலி வெகுநேரம் முறத்தில் அரிசி புடைத்தாள்.

"பாதிய நான்தான வேகவச்சேன். மீதியக் குடுங்கன்னு நான் எப்படிச் சொல்ல. வச்சுக்கங்கன்னும் எப்படிச் சொல்ல. உங்க வயிறு. நீங்க சொல்லுங்க."

எப்போதும் எல்லாவற்றுக்கும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பாள். இன்றைக்குப் பார்த்து இல்லை.

மே 30, வெள்ளி

கொடுத்துவிட்டேன். டப்பாவோடு. மாமி வாங்கிப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்தார். எடுங்கள், அது சாமி கும்பிட இல்லை, பெண்ணுக்கு மாற்றுங்கள் என்று கத்தினேன். மாற்றினார்கள். சிவந்த இடத்தை விட்டு எதிர்ப்பக்கம். மாமியே பிளாஸ்திரி ஒட்டினார்.

"உங்களுக்கு?" என்றாள் வைதேகி.

"எனக்கு ஸ்டெல்லா அனுப்பறா." பொய். தந்தி சட்டைப்பையில்.

வீட்டுக்கு வந்து, கண்ணாடிச் சிரிஞ்சு. செசிலி கொதிக்கவைத்தாள். தொடையில் ஊசி.

ஜூன் 9, திங்கள்

காற்று தொடங்கிவிட்டது. தெருவெல்லாம் புழுதி.

கா. செங்கல். மா. நீலம், அதோடு வேர்வை, தள்ளாட்டம், சர்க்கரைத் தண்ணீர். மறுபடி செங்கல். டாக்டர் திட்டினார். யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள் என்றார். பிறகு அவரே, சரி விடுங்கள் என்றார். இரண்டும் ஒரே மூச்சில். இதற்கு ஒரு பீஸ்.

சாப்பிட உட்கார்ந்ததும் கை இடுப்புக்குப் போகிறது, பொத்தானைத் தேடி. வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 14, சனி

உடம்பு முழுக்க எண்ணெய். யாரும் கேட்க முடியாது. ஆனால் அவ்வளவு சுகமாக இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

பூசைக்குப் பின் செசிலியோடு ஸ்ரீரங்கம். வைதேகி முகத்தில் கொஞ்சம் சதை. மாமி அவளை ஒரு நிமிஷம் விடுவதில்லை. நுழைந்ததும் என்னிடம் ஒப்பித்தார். காலையில் எவ்வளவு, பொத்தான் எத்தனை தடவை, செட் எப்போது மாற்றியது.

"பெருமாளுக்குத் தளிகை படைச்சுக் கண்டருளப் பண்றதுக்கு முன்னாடி எனக்குப் பொத்தான் அமுக்கியாச்சான்னு பாக்கறா எங்க மாமியார்" என்றாள் வைதேகி.

"வாயாடாதே. அமுக்கினியா?"

"இன்னும் சாப்பிடவே உக்காரலையே."

"அப்ப உக்காரு."

செசிலி என் விலாவில் இடித்தாள். மாமியார்கள் எல்லோரும் ஒரே அச்சு என்று அர்த்தம். வரும் வழியில் சொன்னாள்: "டப்பா காலியாகுது. பாத்தீங்களா?"

பார்த்தேன். பார்த்ததைப் பார்க்காதமாதிரி வந்தேன்.

ஜூலை 2, புதன்

வரதன் வந்து போனான். கடைசிச் செட்டுகளாம். டாக்டர் இதற்குமேல் காத்திருக்கவேண்டாம், குழந்தை போதுமான அளவு வளர்ந்துவிட்டது, வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்றாராம். வெள்ளிவரை பெட்டி ஓடவேண்டும்.

செசிலி ஜெபமாலையும் கையுமாக. என்னால் ஜெபிக்க முடியவில்லை. பிளாஸ்திரி நினைப்பாகவே இருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

காலையிலிருந்து ஒரு வேலை ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரவேண்டாம், கூட்டம் கூடாது என்று மாமி சொல்லி அனுப்பிவிட்டார். நான் கூட்டமாம்.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. ஊசி போட்டாயிற்று, சாப்பிட்டே ஆகவேண்டும். செசிலி பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறை.

மூன்று மணி இருக்கும். வாசலில் சைக்கிள். வரதன். இறங்கினவன் ஸ்டாண்டு போடாமலே விட்டுவிட்டான், சைக்கிள் சாக்கடைப் பக்கம் சாய்ந்தது. வாசல்தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறான்.

செசிலிதான் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லுய்யா!"

"பொண்ணு. அழறா. முதல்ல அழலை. சர்க்கரை கம்மின்னு குளுகோஸ் குடுத்தா. இப்ப நன்னா அழறா. வைதேகி கண்ணு முழிச்சுட்டா. அம்மா உள்ளயே நிக்கறா, வெளில வரமாட்டேங்கறா."

செசிலி அவனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவனும் அழுதான். நான் சைக்கிளை நிமிர்த்தினேன். யாராவது செய்யவேண்டுமே.

பிறகு சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினான். உறை பிரிக்காத ஒரு செட். ஒன்றே ஒன்று. மிச்சமாம். அம்மா கொடுத்துவிட்டு வரச் சொன்னாளாம், மாமாவுடையது, இனி அவர் கட்டிக்கொள்ளட்டும் என்று.

எனக்கு வந்ததே கோபம்.

"உங்கம்மாவுக்குப் புத்தி இருக்கா? ஒரு செட்ட வச்சு நான் ரெண்டு நாள் கட்டிட்டு மூணாம் நாள் என்ன பண்றது? பால் குடுக்கற காலத்துலதான் சர்க்கரை திடுதிடுன்னு எறங்கும், ஏறும். டாக்டர் சொல்லலையா? போ. போய் அவ தலமாட்டுல வை. அவ இடுப்புலேருந்து பெட்டியக் கழட்டினீங்கன்னா நான் அங்கயே வந்து நிப்பேன். போடா!"

போடா என்று சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே போனான், மூக்கைத் துடைத்துக்கொண்டு. மண்டிக் குரல் வந்துவிட்டது போலிருக்கிறது. எதிர்வீட்டில், பக்கத்து வீட்டில், எல்லா ஜன்னலிலும் தலை.

பார்க்கட்டும்.